பதினேழாவது தாள்

பேருந்து நிலையத்தின் மூன்றாம் சன்னலில் முப்பது ஆண்டுகள் பயணச்சீட்டுக் கொடுத்தவருக்கு அன்று பணியின் கடைசி நாள். மாலைத் தேநீர் முடிந்ததும் அடுத்த சன்னல்காரர் ஓர் உறையை நீட்டினார். வாய் ஓயாமல் பேசுவதால் நிலையத்தில் அவருக்கு ‘வானொலி’ என்று பெயர்.

“பிரிங்கண்ணே. கைக்கடிகாரம் வாங்கித் தர நம்மகிட்ட வசதி இல்ல. ஆனா இதப் பாத்தீங்கன்னா என்னைத் தூக்கி வச்சுக்கிட்டு ஆடுவீங்க.”

உள்ளே பழைய பத்து ரூபாய் நோட்டு ஒன்று இருந்தது. அதன் எண் 240504.

“அன்னைக்கு உங்க பையில அந்த நோட்டு ஆல்பத்தப் பாத்துட்டேன். எட்டு, ஒம்போது, பத்துன்னு முதல் ரெண்டு எண் ஏறிக்கிட்டே போகுது, கடைசி நாலும் ஆடாம அசையாம நிக்குது. இருபத்திமூணோட நின்னுபோச்சு. மனுஷன் ஒத்த நோட்டுக்குத் தவிக்கிறாரு, வாயத் தொறந்து கேக்க மாட்டாருன்னு நானே கிளம்பிட்டேன். நாலு மாசம்ணே! பழைய நோட்டு விக்கிறவன் என் தலையக் கண்டாலே ஷட்டர இறக்குறான்.”

ஒரே எண் ஆறு முறை வரும் தாள்களையும், முன்னும் பின்னும் ஒன்றுபோல் வாசிக்கத்தக்க தாள்களையும் சீட்டுக்காரர் சேர்ப்பது நிலையத்தில் எல்லாரும் அறிந்ததே. அந்த ஆல்பம் மட்டும் எதற்கென்று எவரும் அறியார். நாற்பது வயதில் அவருக்கு ஒரே ஒரு மகள் பிறந்தாள். 2004ஆம் ஆண்டு மே மாதம் எட்டாம் தேதி வந்தவள், இருபத்துநான்காம் தேதி போய்விட்டாள். புகைப்படம்கூட எடுக்கவில்லை. பிற்பாடு, சன்னல் வழியே வந்து போகும் தாள்களில் அவளுடைய நாள்களை அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். பிறந்த நாளுக்கு ஒன்று. விளக்கை உற்றுப் பார்த்த நாளுக்கு ஒன்று. அவர் சுண்டுவிரலைப் பற்றிக்கொண்டு விட மறுத்த நாளுக்கு ஒன்று. பதினாறு தாள்கள் சேர்ந்தன. பதினேழாவது மூன்று முறை அவர் கைக்கு வந்தது. மூன்று முறையும் நெருப்பைத் தொட்டவர்போல் அதை அடுத்த பயணிக்கு மீதிச் சில்லறையோடு தள்ளிவிட்டார். அது சேராத வரையில் அவள் இருபத்துமூன்றாம் தேதியிலேயே இருந்தாள், பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னண்ணே, பேச்சு மூச்சக் காணோம்? வேற நம்பரா?”

“இல்லப்பா. இதேதான்.” வானொலியின் தோளை அவர் பற்றிக்கொண்டார். “எனக்காகவா இவ்வளவு அலைஞ்சே?”



வீட்டுக்குப் போகும் வழியில் சீட்டுக்காரர் ரொட்டிக் கடையில் நின்றார். அந்தத் தாளை எடுத்து நீட்டினார். கடைக்காரர் அதன் மறுமுனையைப் பிடித்தார். ஆனால் அவருடைய விரல்கள் விடவில்லை. “என்ன சார், குடுக்குறீங்களா இல்லையா?” என்று கடைக்காரர் சிரித்தார். வேறொரு தாளைக் கொடுத்துவிட்டு, ரொட்டியை மறந்து அவர் நடந்தார்.

மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன குடுத்து அனுப்பினாங்க?”

உறையை மேசைமேல் வைத்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டி, எண்ணைப் படித்தாள். நெடுநேரம் படித்தாள்.

“பதினாறையும் நான் பாத்திருக்கேன்” என்றாள். “பையில சாப்பாட்டு டப்பா வைக்கிறப்போ. இது மட்டும் ஏன் இல்லன்னும் தெரியும். அதான் கேக்கல.”

அந்த இருபத்துநான்காம் தேதி மனைவி காய்ச்சலில் நினைவின்றி மருத்துவமனையில் வேறொரு கட்டிலில் கிடந்தாள். கண் விழித்தபோது எல்லாம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அவர் தனியாகத் தூக்கிச் சென்று, தனியாகத் திரும்பி வந்திருந்தார். இருபது ஆண்டுகளில் அந்த நாளைப் பற்றி அவள் கேட்டதில்லை, அவர் சொன்னதுமில்லை. சொல்லாதிருப்பதே அவளுக்குச் செய்யும் இரக்கம் என்று அவர் நம்பியிருந்தார்.

“நீங்க பாத்தீங்க. நான் பாக்கலியே” என்றாள். குரல் தாழ்ந்தது. “அன்னைக்கு அவளுக்கு என்ன சட்டை போட்டு விட்டீங்க?”

மேசையில் பட்டாணி ஒன்று உருண்டு விளிம்பருகே நின்றது.

“மஞ்ச சட்டை. நீ எடுத்து வச்சிருந்தது. கை ரொம்ப நீளம். அவ கையே வெளிய தெரியல. அதான்…”

அவருடைய விரல்கள் மேசைமேல், இல்லாத துணியின் ஓரத்தை ஒரு முறை மடித்தன; மறுபடியும் மடித்தன. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அவை விட்டு வைத்த, ஒரு பிஞ்சு மணிக்கட்டின் அகலமே உள்ள அந்தச் சிறிய இடைவெளியை, அவர் மனைவி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.