இடது கையில் ஒரு கயிறு

1

இந்தக் கதை எனக்குப் பஸ்ஸில் கிடைத்தது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகையில், பக்கத்து சீட்டுப் பெண் தன் இடது மேல்கையின் உள்பக்கத்தை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அடிபட்டதா என்று கேட்டேன்.

"இல்லக்கா. இப்ப கொழந்தை வேணாம்னு வச்சது. இருக்கான்னு பாத்துக்குறேன்."

தோலுக்கடியில் தீக்குச்சி அளவில் ஒரு மெல்லிய குச்சி.* சில வருடங்களுக்குக் கரு தங்காது. பிள்ளை வேண்டும் என்றால் எடுத்துவிடலாம். வீட்டில் தெரியுமா என்றேன். அவள் துப்பட்டாவை இழுத்து அந்தக் கையை மூடிக்கொண்டாள்.

மீதியை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

2

'சத்யப்பிரியாவுக்குக் காலையிலிருந்தே கையில் ஒரு வலி' (இல்லை. வலி போய் மாதக்கணக்காகிறது. இது பயம்.)

சத்யப்பிரியா (பஸ் பெண்ணுக்கு நான் வைத்த பெயர்) அரியலூரில் பி.எட். படிக்கிறாள். கணவன் அறிவரசனுக்கு ரெட்டிபாளையத்தில் சிமென்ட் ஆலை வேலை. படிப்பு முடியட்டும், பிறகு பிள்ளை என்று இருவரும் பேசித்தான் குச்சியை வைத்துக்கொண்டார்கள். அவன் அம்மா கொளஞ்சியம்மாளிடம் மட்டும் சொல்லவில்லை. நேரம் பார்த்து நானே சொல்கிறேன் என்றான் அறிவரசன். அந்த நேரம் இன்னும் வரவில்லை. (என் கதாநாயகர்கள் காதலைச் சொல்ல ஒருநாளும் தயங்கியதில்லை. அம்மாவிடம் பேசத்தான் அவர்களுக்கு நாக்கு எழாது.)

3

கொளஞ்சியம்மாளை முதலில் கொடுமைக்கார மாமியாராக எழுதி, பிறகு கோடு போட்டு அடித்துவிட்டேன். மருமகள் கல்லூரி பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று விடிவதற்குள் சோறு கட்டிக் கொடுக்கிறவள் அவள். கொடுமைக்காரியிடம் பொய் சொல்வது சுலபம். இவளிடம்

(இந்த வாக்கியம் முடியவில்லை. இருக்கட்டும்.)

இந்த ஆடிக்கு முட்டிவலியோடு செட்டிகுளம் மலைக்கோயில் ஏறி, பேரப்பிள்ளைக்கு வேண்டிக்கொண்டு, ஒரு மஞ்சள் கயிறு கொண்டுவந்திருக்கிறாள். அவர்கள் வீட்டு வழக்கப்படி அதைப் பெண்ணுக்கு இடது கையில், முழங்கைக்கு மேலே, இறுக்கிக் கட்ட வேண்டும்.

"மணிக்கட்டுல கட்டுங்க அத்தை."

"ஏனம் வெளக்கி வெளக்கி ஒரே வாரத்துல அத்துப்புடும். கைய தூக்கு. ஊசி போட வந்த மாதிரி நிக்கிற."

வேலைக்குக் கிளம்பிய அறிவரசன் வாசலில் நிற்கிறான், கையில் ஹெல்மெட்டோடு.

4

முடிவு அ: கயிறு கட்டுகிறவளின் விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. (அடுத்த ஆடிக்கு வேறொரு கயிறு வரும். இது முடிவில்லை, தவணை.)

முடிவு ஆ: கொளஞ்சியம்மாளின் விரல் நின்றுவிடுகிறது.

"என்னம்மா இது, கட்டியா? எங்ககிட்ட சொல்லலியே நீ."

குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருக்கிறது. உடனே டாக்டரிடம் போவோம் என்கிறாள். சத்யப்பிரியா வாசலைப் பார்க்கிறாள். அறிவரசன் ஹெல்மெட்டை வாசல் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே வருகிறான்.

"அம்மா," என்கிறான்.

அடுத்த வரியை நான் எழுதினால் அவனை அழகாகப் பேச வைத்துவிடுவேன். எனக்கு அது பழக்கம். அதனால் எழுதவில்லை. உங்கள் வீட்டு ஆண் அந்த இடத்தில் நின்றால் என்ன சொல்வார் என்று உங்களுக்குத் தெரியும். அதையே எழுதிக்கொள்ளுங்கள்.

சீக்கிரம். அவள் இன்னும் கையைத் தூக்கியபடியே நிற்கிறாள்.

* தொட்டால் தெரிகிற மாதிரிதான் வைப்பார்களாம். அப்போதுதான் வேண்டும்போது எடுக்க முடியும்.