இருபத்திரண்டு றாத்தல்

தோட்டத்து மருந்துச்சாலைக்காரனை டாக்டர் என்று கூப்பிடுவது பிழை. நான் மருந்து கலக்கப் படித்தவன், அவ்வளவுதான். பெயர் தியாகராஜா, ஊர் யாழ்ப்பாணம். ஆனால் தெல்தோட்டைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் எல்லாரும் என்னை டாக்டரய்யா என்றார்கள். பதினாறு வருஷமாக நானும் ஒருநாள்கூடத் திருத்தவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இது முப்பத்தாறாம் ஆண்டு நடந்தது. மலேரியாப் பேயாட்டம் ஓய்ந்து, கொயினாப் போத்தல்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த நேரம். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போவதற்கென்று தகரக் கூரை போட்ட பிள்ளை மடுவம் ஒன்று உண்டு. செவ்வாய்தோறும் அங்கே போய்ப் பிள்ளைகளை நிறுப்பேன். நிறை கூடினால் புத்தகத்தில் 'நன்று' என்று எழுதுவேன். குறைந்தால் தாயைக் கூப்பிட்டு ஏசுவேன். ஏசுவதில் என்னை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆளில்லை.

வேலாயியின் மகள் பொன்னுத்தாய்க்கு அப்போது இரண்டரை வயது. தாய் மறுபடி பிள்ளைத்தாய்ச்சியானதும் அவளுக்குத் தாய்ப்பாலை மறக்கடித்துவிட்டார்கள். வயிற்றில் ஒன்று இருக்கும்போது சுரக்கிற பால் மடியில் இருப்பதற்கு ஆகாது என்பது தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வழக்கம். பிறகு அவளுக்குச் சோறும் ரசமும் பாலில்லாத சாயத்தண்ணியும்தான். புதுக் குழந்தை பிறந்த கையோடு இவளுக்கு வயிற்றோட்டம் கண்டது. மாந்தம் என்று பத்தியம் வைத்தார்கள். பருப்பு கூடாது, முட்டை கூடாது, கருவாட்டை மோந்துகூடப் பார்க்கக் கூடாது. அரிசிக் கஞ்சி அல்லது கூவைக்கிழங்கு மாவில் காய்ச்சிய கூவைமாக் கஞ்சி. அதைத் தடுக்க வேண்டியவன் நான். தடுக்காதது போதாதென்று, கூவைமாவைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தவனும் நானே. என்னையும் அப்படிப் பத்தியம் வைத்துத்தானே வளர்த்தார்கள்.

இரண்டு மாதத்தில் பிள்ளை உப்பினாள். கன்னம் இரண்டும் புடைத்து, கைகால் பளபளத்தது. பதினெட்டு றாத்தல் இருந்தவள் இருபத்திரண்டு றாத்தலானாள். 'மிக நன்று' என்று எழுதிவிட்டு, மற்றப் பெண்களுக்குக் கேட்கும்படியாக, பிள்ளை வளர்த்தால் வேலாயி மாதிரி வளர்க்க வேண்டும் என்று சொன்னேன். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆனால் பிள்ளை சிரிப்பதில்லை. தூக்கினாலும் முனகல், இறக்கினாலும் முனகல். தலைமயிர் செம்பட்டையாகி, சீவினால் கொத்தாக வந்தது. முழங்காலில் தோல் உரிந்தது. வயிற்றுப் பூச்சி என்று முடிவுகட்டி அதற்கு மருந்து கொடுத்தேன். அடுத்த செவ்வாய் அவள் பாதத்தைப் பிடித்துத் தராசில் ஏற்றியபோது, என் பெருவிரல் பட்ட இடம் குழியாகி அப்படியே நின்றது. இருபதுவரை எண்ணிப் பார்த்தேன், குழி நிரம்பவில்லை. நான் நிறுத்து மெச்சியது சதையை அல்ல, தண்ணீரை.

கைக்குழந்தையோடு கண்டி ஆஸ்பத்திரிக்கு வர வேலாயி மாட்டேன் என்றாள். சனிக்கிழமை நான் மட்டும் பஸ் ஏறிக் கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவுக்குப் போனேன். கண்டி ஆஸ்பத்திரி டாக்டர் சுந்தரலிங்கம் அங்கே குடியிருந்தான். எங்கள் ஊர்ப் பொடியன், லண்டனில் படித்துத் திரும்பி இரண்டு வருஷம், என் வயதில் பாதி. கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னவன், பிள்ளை என்ன சாப்பிட்டாள் என்று மூன்று தரம் கேட்டான். எனக்கு எரிச்சலாக வந்தது. மருந்து கேட்டுப் போனவனிடம் சமையல் விசாரணை எதற்கு?

பிறகுதான் விளக்கினான். பருப்பு, மீன், முட்டை, பால் இவற்றில் இருக்கும் புரோட்டீனை உடம்பு அப்படியே எடுத்துக்கொள்வதில்லையாம். அமினோ அசிட் என்ற சின்னச் சின்னத் துண்டுகளாகக் குடல் அதை உடைக்கிறது. இருபது வகைக்கு மேல் இருக்கிறது. அந்தத் துண்டுகளை வேறு வேறு வரிசையில் கோத்துத்தான் உடம்பு தன் சதை, தோல், மயிர், சமிபாட்டுச் சாறு எல்லாவற்றையும் செய்கிறது. சில துண்டுகளை உடம்பே உண்டாக்கிக்கொள்ளும். சில சாப்பாட்டில் வந்தே ஆக வேண்டும். அதில் ஒன்று குறைந்தாலும் மற்றவை கிடந்து பயனில்லை, நிலையில் மாட்டும் பிணைச்சல் இல்லாத கதவு மாதிரி. சோற்றில் லைசின் என்ற துண்டு போதாது, பயற்றிலும் பருப்பிலும் அது தாராளம். இரத்தத்தில் நீரைப் பிடித்து வைப்பதும் ஒரு புரோட்டீன்தான். அது குறைந்ததும் நீர் கசிந்து காலுக்கும் முகத்துக்கும் இறங்கிவிடுகிறது.

கூவைமாவில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். குரல் கொஞ்சம் இறங்கித்தான் போயிருந்தது.

"அதில ஒண்டுமே இல்லை, ஐயா. வெறும் மா. பிள்ளை தன்ரை சதையைத்தான் திண்டுகொண்டு இருக்கிறாள். இப்பிடியே விட்டால் ஒரு மாசம் தாங்காது."

பயறு, சோறு, நெத்தலிக் கருவாட்டுத் தூள், ஆடை எடுத்த பால் என்று எழுதித் தந்தான். வாசல்வரை வந்து இன்னொன்றும் சொன்னான். நீர் வற்றும்போது பிள்ளை எலும்பும் தோலுமாகத் தெரிவாள், நிறை குறையும், தாய்க்கு இதை முதலே சொல்லி வைக்க வேண்டும். எனக்குத் தெரியாததா என்கிற மாதிரித் தலையாட்டிவிட்டு வந்தேன்.

தெல்தோட்டையில் மக்கீன் கடையில் பயறும் நெத்தலியும் வாங்கி, வேலாயியிடம் கொடுத்து, ஆக்குகிற விதத்தையும் சொன்னேன். பத்தியம் முறிப்பதா என்று பயந்தாள். டாக்டரய்யா சொல்கிறேன், செய் என்றேன். நிறை குறையும் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அந்த இருபத்திரண்டு றாத்தலும் தண்ணீர் என்று சொல்ல வேண்டும். பெண்கள் முன்னால் மெச்சியதை அவர்கள் முன்னாலேயே திரும்ப வாங்க வேண்டும். எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த செவ்வாய் பதினெட்டரை. கன்னம் ஒட்டி, விலா தெரிந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், புத்தகத்தில் எழுதிவிட்டுப் பேசாமல் வந்தேன். அதற்கு அடுத்த செவ்வாய் இருபத்தொன்று. பாதத்தை அழுத்தினேன், மறுபடி குழி. நேரே லயத்துக்கு நடந்தேன்.

வேலாயி அடுப்பில் கூவைமாக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். ஒளிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. நான் தந்ததில் மிஞ்சிய பயறு, முடிச்சாகக் கட்டியபடி மூலையில் கிடந்தது.

"நீங்க குடுத்த சாப்பாட்டுல எம்புள்ள உருகிப் போச்சுங்கய்யா. பாத்தவங்கல்லாம் என்னைய ஏசுறாங்க. பழைய கஞ்சியே ஊத்துனேன், நாலு நாள்ல தேறிட்டா பாருங்க."

ஏச வாயைத் திறந்தேன். ஏசுவதானால் என்னைத்தான் ஏச வேண்டும். லயத்தின் பக்கத்துக் காம்பராக்களில் குடியிருந்த பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். போகச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

பொன்னுத்தாயின் காலை விரலால் அழுத்தச் சொன்னேன். அழுத்தினாள், குழி விழுந்தது. பிறகு தொட்டிலில் கிடந்த கைக்குழந்தையின் காலை அழுத்தச் சொன்னேன். விரலை எடுத்ததும் சதை திரும்பி வந்துவிட்டது. இரண்டு தரம் மாறி மாறி அழுத்திப் பார்த்தாள்.

"இது சதை, அது தண்ணி," என்றேன். "நான் மெச்சினதும் தண்ணியைத்தான், வேலாயி. பிழை உன்னிலை இல்லை. எனக்குத் தெரியேல்லை. நிறை குறையுமெண்டு டாக்டர் சொன்னவர், அதையும் உனக்குச் சொல்லாமல் விட்டிட்டன்."

அவள் கஞ்சிச் சட்டியை இறக்கிவைத்துவிட்டுப் பயறு முடிச்சை அவிழ்த்தாள்.

அன்று முதல் பிள்ளையை மூன்று வேளையும் மருந்துச்சாலைக்குக் கொண்டுவரச் சொன்னேன். முதல் நாள் ஊட்டியதைத் துப்பினாள். இரண்டாம் நாள் பாதி. மூத்திரமாய்ப் போய் நீர் வற்றியது. பதினெட்டு, பதினேழு, பதினாறேமுக்கால். எலும்புக்கூடாய் இருந்தவளைப் பார்க்க எனக்கே பயமாயிருந்தது, நிறைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சாமி கும்பிட்டேன். ஆனால் வேலாயி இந்த முறை அசையவில்லை. யாராவது வாயைத் திறந்தால், காலை அழுத்திப் பார் என்றாள். நாலாம் கிழமை பதினேழரை. பாதத்தில் குழி இல்லை. இருபத்தெட்டாம் நாள் காலை, பொன்னுத்தாய் என் மூக்குக்கண்ணாடியைப் பறித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கண் கலங்கியதை ஏன் மறைக்க வேண்டும்.

வேலாயி சிரிக்கவில்லை. பிள்ளையின் வாயைத் துடைத்தபடி நின்றாள்.

"ஒண்ணு கேக்கலாங்களா அய்யா? எம் மூத்தவன் முத்தனும் இப்பிடித்தான் உப்பிக் கெடந்தான். அவனுக்கும் கஞ்சிதான் ஊத்துனேன். இதக் குடுத்திருந்தா பொழச்சிருப்பானா?"

முத்தனைப் பற்றி நான் இதுவரை சொல்லவில்லை. சொல்ல விருப்பமும் இல்லை. இந்தப் பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது அவன் இறந்தான். பூச்சி நோய் என்று நான்தான் எழுதினேன். அதற்கு இரண்டு கிழமைக்கு முந்திய செவ்வாய் அவன் பெயருக்கு நேரேயும் 'மிக நன்று' என்று போட்டிருந்தேன். விதி என்று ஒரு சொல் சொல்லித் தப்பியிருக்கலாம். அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஓம்," என்றேன். "பிழைச்சிருப்பான்."

அவள் அழவில்லை. என்னை ஏசியிருந்தாலாவது ஆறியிருப்பேன். வெளியே பெரட்டுக்குத் தப்பு அடிப்பது கேட்டது, ஆள் கணக்கெடுக்கும் நேரம். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"சாகுறதுக்கு முந்தின நாளு, என் தட்டுல கெடந்த நெத்தலிய எடுத்து வாயில வச்சானுங்கய்யா," என்றாள். "பத்தியம் கெட்டுடும்னு வாயில வெரல விட்டு நோண்டி எடுத்தேன்."

சொல்லிவிட்டு மலைக்குப் போனாள்.