இரண்டு குப்பி இரத்தம்

மகள் பரீனாவின் வலது பாதத்தில் ஸுல்பிகா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது வெளியே கைபேசி அடித்தது. அவள் கை அப்படியே நின்றது.

"ஊத்து புள்ள," என்றார் இறந்தவளின் மையத்தைக் குளிப்பாட்ட வந்திருந்த சல்மா உம்மா. "அத ஆம்புளயள் பாப்பாங்க."

மணி அடித்து ஓய்ந்தது. பிரதான வீதிப் பக்கம் பட்டாசு வெடித்தது. வன்னியில் சண்டை முடிந்துவிட்டதாகக் காலையிலிருந்து வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. முதல் வெடிக்குத் திரைக்கு அப்பாலிருந்த பெண்கள் பதறி எழும்பினார்கள். என்னவென்று தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்தார்கள். ஸுல்பிகாவுக்கு வெடிச் சத்தம் காதில் ஏறவேயில்லை. அந்த அழைப்பு கண்டியிலிருந்துதான் வந்திருக்கும்.

சல்மா உம்மா பரீனாவின் உள்ளங்காலைத் தடவிப் பார்த்தார். அது வில்லாக மேலே வளைந்திருந்தது.

"பொறக்கக்குள்ளயே கால் இப்பிடியா?"

"இல்ல மாமி. பிறகுதான்."

பன்னிரண்டு வயதில் பரீனா நடக்கும்போது தடுமாறத் தொடங்கினாள். பதினாலில் சுனாமியாய்க் கடல் வந்தது. ஊரே ஓடியது, அவளால் ஓட முடியவில்லை. கணவர் அப்துல் கபூர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட, இளையவள், நாலு வயது நாச்சியாவை இழுத்துக்கொண்டு ஸுல்பிகா பின்னால் ஓடினாள். அதற்குப் பிறகு பரீனாவின் நடையைப் பார்த்தவர்கள் எல்லாரும் கடல் பயம் என்றார்கள். முகாமுக்கு வந்த வைத்தியர் ஒருவர்தான் அவள் முழங்காலில் சிறிய சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கால் உதறவில்லை. மற்றதிலும் தட்டினார். பிறகு கண்டி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார்.

கண்டியில் டொக்டர் சுலோஜனா பொறுமையாக விளக்கினார். "இழைமணி எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சிருப்பீங்க. உயிரணுவுக்குள்ள சக்தி உண்டாக்குற இடம். அதுக்குள்ள இருக்கிற ஒரு புரதம் பிள்ளைக்குச் சரியான குறைவு. அதாலதான் நரம்பும் இதயமும் களைக்குது." பிறகு கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"இவர் என்ட சொந்த மாமிட மகன்," என்றாள் ஸுல்பிகா.

போன மாதம் போனபோது பரீனாவின் இதயம் வீங்கியிருந்தது. டொக்டர் இரண்டு குப்பி இரத்தம் கேட்டார். ஒன்று பரீனாவிடமிருந்து, மற்றது நாச்சியாவிடமிருந்து. வெளிநாட்டில் ஓர் ஆய்வு நடக்கிறது, அந்தப் புரதத்தை இரத்தத்தில் அளந்தால் நோய் வெளியே தெரிய முதலே அறியலாம் என்றார்.

"மருந்து இரிக்கா டொக்டர்?"

"இன்னும் இல்ல. அந்தப் புரதத்தக் கூட்டுறதுக்குத்தான் மருந்து தேடுறாங்க."

"மருந்தில்லாட்டி எதுக்கு அளக்குற?" என்று கேட்டுவிட்டு அப்துல் கபூர் வெளியே போய்விட்டார். ஸுல்பிகா கையெழுத்துப் போட்டாள். ஊசிக்கு நாச்சியா அழவில்லை.

லுஹர் தொழுகைக்கு முன் மையத்தை வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். புறப்படும்போது அப்துல் கபூர் கைபேசியை ஸுல்பிகாவின் கையில் திணித்தார். ஆண்கள் போனதும் வீடு சட்டென்று அமைதியாகிவிட்டது. கிணற்றடியில் முகம் கழுவிய நாச்சியா ஈரக்காலோடு சீமெந்துத் தரையில் நடந்து உள்ளே போனாள்.

தரையில் அவளுடைய கால்கள் பதிந்திருந்தன. குதிகாலும் முன்பாதமும் மட்டுமே ஈரமாக இருந்தன. நடுவில் தரை காய்ந்தே கிடந்தது.

ஸுல்பிகா வாளித் தண்ணீரில் தன் காலை நனைத்துப் பக்கத்தில் வைத்தாள். முழுப் பாதமும் பதிந்தது. யாரும் பார்க்க முன் முந்தானையால் எல்லாவற்றையும் துடைத்தாள். இந்த மாதத்தில் இரண்டு தரம் முழங்காலை உரசிக்கொண்டு வந்தாள் பிள்ளை. விளையாடுகிற பிள்ளை விழாதா?

கைபேசி மறுபடியும் அடித்தது. அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"பரீனா எப்படி இருக்கிறா?" என்றார் டொக்டர்.

"இப்பதான் கொண்டு போறாங்க டொக்டர். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தாகிட்டாள்."

"அல்லாஹ்..." என்று தன்னையறியாமல் சொன்னார் அந்தத் தமிழ் டொக்டர். "நான் இன்னொரு நாளைக்கு எடுக்கிறன் அம்மா."

"வேணாம். இப்பயே செல்லுங்க."

"இத மட்டும் வச்சு முடிவாச் சொல்ல ஏலாது. இன்னொரு பரிசோதனை செய்யவேணும்."

"செல்லுங்க டொக்டர்."

"பரீனாட அளவும் சின்னவட அளவும் கிட்டத்தட்ட ஒண்டுதான்."

அடுப்பில் பெரிய கேத்தலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஸுல்பிகா கேத்தலை இறக்கி வைத்தாள்.

"நாச்சியா நடக்கக்குள்ள தடுமாறுறாவா? விழுறாவா?"

"இல்ல," என்றாள் ஸுல்பிகா. "நல்லா ஓடுவாள்."

இதயத்தைப் பார்க்க வேண்டும், கூட்டிக்கொண்டு வாருங்கள், மருந்து ஒன்று பரிசோதனைக்கு வந்தால் பெயர் பதியலாம் என்று டொக்டர் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள். கதவைத் திறந்தபோது அடுத்த வீட்டுப் பெண் அவள் தோளை அணைத்துக்கொண்டாள்.

"அழாத புள்ள. சண்டையும் முடிஞ்சிட்டாம். இனிச் சின்னவளாவது பயமில்லாம வளருவாள்."

அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து அப்துல் கபூர் காலில் மண்ணோடு திரும்பினார். ஸுல்பிகா பிளேன்டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"டொக்டர் எடுத்தாங்க மச்சான்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு முற்றத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அங்கே அயல் பிள்ளைகள் மணலில் கட்டம் கீறி நாச்சியாவையும் விளையாட்டில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய முறை வந்தது. ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு முதல் கட்டத்துக்குள் கெந்தினாள். இரண்டாவது. மூன்றாவதில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது.

அப்துல் கபூர் தேத்தண்ணீரைப் படியில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். கைகள் இரண்டும் உடம்பிலிருந்து சற்று விலகி, முன்னால் நீண்டிருந்தன. நாச்சியா நிமிர்ந்து, நாலாவது கட்டத்துக்குக் கெந்தினாள்.