ஏழாம் வரிசையின் முதல் வெட்டு

பந்தலுக்குக் கீழே நின்றால் நேரம் தெரியாது. வெளியே புளியங்கூடல் ஊரின் வெயில் மண்ணை வறுத்துக்கொண்டு நிற்கும். உள்ளே பச்சை வெளிச்சம், கடலுக்குள் கண்ணைத் திறந்து பார்த்தது போல. மேரிறோஸ் அந்த வெளிச்சத்துக்குள்தான் ஒன்றரை வருடமாகக் கூலி வேலை செய்தாள். கொத்துவாள், தண்ணீர் கட்டுவாள், இலைநோய்க்குத் துருசும் சுண்ணாம்பும் கரைத்து அடிப்பாள். ஆனால் உச்சிப் பொழுதில் இலைகள் தங்களுக்குள் குசுகுசுக்கத் தொடங்கினால், கையில் மண்வெட்டி இருப்பதே அவளுக்கு மறந்துபோகும்.

காணி சரவணமுத்தருடையது. கொடிகள் ஆராய்ச்சி நிலையத்தினுடையவை. சண்டை ஓய்ந்து பாதை திறந்த வருடம், நிலையத்து நிசாந்தினி மிஸ் அவற்றை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தாள். எட்டு இனம், எட்டு வரிசை. மிஸ்ஸின் கொப்பியில் திராட்சை என்று இருந்தது. தீவில் அது முந்திரிகைதான். தீவுக் கிணறுகளில் பாதி உவர். அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு எந்த இனம் நல்லாகக் காய்க்கிறதோ, அதன் தடிகளை வெட்டி அனலைதீவில் பன்னிரண்டு குடும்பங்களுக்கு நடக் கொடுப்பதாக ஏற்பாடு. அங்கே குழியும் வெட்டி வைத்துவிட்டார்கள்.

பழத்தை நிறுத்து எழுதுவதும் மேரிறோஸின் வேலை. சரவணமுத்தருக்குக் கண் மங்கல். அவளுக்கு எழுத்து வந்ததே நாற்பது வயதில், இடம்பெயர்ந்து போய் இருந்த முகாமில். ஒவ்வொரு இலக்கத்தையும் கோலம் போடுவதுபோல் மெதுவாக வரைவாள்.

முதற் போகம் மாசியில் பழுத்தது. பங்குனி முடிய மிஸ் வந்து கதிரையில் உட்கார்ந்து கொப்பியைப் புரட்டினாள்.

"ஆறாம் வரிசை பத்தொன்பது கிலோ. நல்லது. ஏழு…" என்று புருவத்தைச் சுருக்கினாள். "நாலு கிலோதானோ? இவ்வளவு இலையை வைச்சுக்கொண்டு என்ன செய்தது இது? ஐயா, ஏழாவதை வேரோட எடுத்துப்போடுங்கோ. ஆறின்ர தடியை அனலைதீவுக்கு அனுப்புவம்."

மேரிறோஸ் மண்வெட்டியைக் கீழே வைத்தாள். ஆறாம் வரிசையை அவளுக்குத் தெரியும். கோடை ஏற ஏற அதன் இலை ஓரம் கருகும், நோயாளி மாதிரித் தலையைத் தொங்கப்போடும். ஏழோ உவர் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கும். இதை மிஸ்ஸின் கொப்பிக்கு யார் சொல்வது?

"மிஸ், ஏழு நாலு கிலோ இல்லை."

"நீங்கள்தானே எழுதினீங்கள் அக்கா?"

"எழுதினனான். முதல் வெட்டை எழுதேல்லை."

"ஏன்?"

அவள் சொன்னாள். அவளுடைய ஆட்கள் கடலுக்குப் போகிறவர்கள். புது வலை இறங்கினால் முதற் பாடு, முதலில் பட்ட மீன் முழுவதும், அந்தோனியாருக்கு. அதை எண்ணக் கூடாது, நிறுக்கக் கூடாது. எண்ணினால் அது கொடுத்ததில் சேராது. புதுக் கொடியும் புது வலை மாதிரித்தானே என்று அவள் எட்டு வரிசையிலும் முதல் வெட்டை நிறுக்காமல் ஓலைக் கடகங்களில் கோயிலுக்குக் கொண்டுபோனாள். மற்ற வரிசைகள் மூன்று கிழமையாகச் சிறிது சிறிதாகப் பழுத்தன. அவற்றில் முதல் வெட்டு என்பது இரண்டு குலை, மூன்று குலை. ஏழு மட்டும் நாலே நாளில் ஒன்றாய்ப் பழுத்துக் கறுத்தது. அதன் முதல் வெட்டிலேயே எல்லாம் போய்விட்டது. மிஞ்சிய கடைக்குட்டிக் குலைகள்தான் தராசுக்கு வந்தன.

மிஸ் சரவணமுத்தரைத் திரும்பிப் பார்த்தாள்.

"மூண்டு கடகம்," என்றார் சரவணமுத்தர். "நான் கண்டனான். நிறுத்தாச்சு எண்டு நினைச்சன்."

"கடகத்தை நான் எப்பிடி ஐயா எழுதுறது? கிலோ வேணும்!" மிஸ்ஸின் குரல் உயர்ந்து, பிறகு தானே இறங்கியது. "அக்கா, அங்கை பன்னிரண்டு வீடு காத்துக்கொண்டிருக்கு. இன்னும் ஒரு போகம் பொறுப்பன். அடுத்த முறை ஒரு குலை தவறினாலும் ஏழு போகும். பிறகு என்னாலை ஏதும் செய்ய ஏலாது."

அன்று பின்னேரம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த புருசன் இன்னாசித்தம்பியிடம் மேரிறோஸ் கதையைச் சொன்னாள். அவன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"அந்தோனியாரைத் தராசில ஏத்தப் போறியோடி?"

"பகிடியை விடுங்கோ. முதற் போகத்தில குடுத்தாச்சுத்தானே. வலைக்கு ஒருக்காத்தானே முதற் பாடு?"

இன்னாசித்தம்பி சிரிப்பை நிறுத்தினான். "வெட்டினாப் பிறகு முளைக்கிறது புதுக் கொடி எண்டு நீதானே சொன்னனி. பழைய கயிற்றில புது வலை கட்டினாலும் அது புது வலைதான்."

அவன் சொன்னது சரி. அதுதான் கரைச்சல்.

அடுத்த போகம் துளிர்க்கட்டும் என்று சித்திரையில் கொடிகளைக் கவாத்து வெட்டினார்கள். பந்தல் எலும்பும் கம்பியுமாக நின்றது. அடுத்த நாள் வெட்டின நுனிகளில் தண்ணீர் ஊறித் துளித்துளியாக விழத் தொடங்கியது. வானத்தில் ஒரு பஞ்சு மேகமும் இல்லை, பந்தலுக்குள் மட்டும் மழை. மேரிறோஸ் ஏழாம் வரிசையின் கீழே சாக்கை விரித்துப் படுத்தாள். ஒரு துளி நெற்றியில் விழுந்தது. நாக்கை நீட்டி ஒன்றைப் பிடித்தாள். உவர் இல்லை. உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு நல்ல தண்ணீரை அழுகிறது, என்ன கொடி இது!

கண் சொருகியது. பந்தல் கடலாயிற்று. அவள் வள்ளத்தில் நிற்கிறாள். வலை நிறையக் குலைகள், கறுப்பாய், மீன் மாதிரித் துள்ளிக்கொண்டு. முன்பக்க அணியத்தில் அந்தோனியார் காலைத் தொங்கப்போட்டு இருந்து, பழத்தைத் தின்று கொட்டையைக் கடலுக்குள் துப்புகிறார். திரும்பிப் பார்த்து, "பிள்ளை, அண்டைக்கு எவ்வளவு தந்தனி?" என்கிறார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்று கடகம் என்கிறாள். "கடகத்தை நான் எப்பிடி எழுதுறது?" என்கிறார் அவர், மிஸ்ஸின் குரலில்.

திடுக்கிட்டு எழும்பினாள். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. கனவை யாருக்கும் சொல்லவில்லை. நிறுக்க வேண்டும் என்ற தன் ஆசைதான் அந்தோனியாராக வேடம் போட்டு வந்ததோ என்ற பயம் அவளுக்கு.

ஆவணியில் ஏழு, மற்ற வரிசைகளுக்கு முந்தி, மறுபடியும் ஒன்றாய்ப் பழுத்தது. விடியவே குலைகளை வெட்டி வாழையிலையில் அடுக்கினாள். கடகம் தூக்க இன்னாசித்தம்பி வந்திருந்தான். தூக்குத் தராசு பந்தல் கம்பியில் மெல்ல ஆடியது. அவள் ஒரு குலையைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். நெடுநேரம் நின்றாள்.

"என்னடி, தராசு கடிக்குமோ?"

"கொஞ்சம் பேசாமல் நில்லுங்கோ."

அனலைதீவின் பன்னிரண்டு குழிகளும் கண்ணுக்குள் வந்தன. அவற்றுக்குள் ஆறாம் வரிசையின் தடிகள் துளிர்த்து, ஓரம் கருகி, ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. யாரோ ஒரு பெண் வாளியோடு நின்று, தன் கையில்தான் பிழையாக்கும் என்று அழுதாள்.

மேரிறோஸ் குலையைத் தராசில் வைத்தாள்.

இன்னாசித்தம்பி முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஆனாலும் குலைகளை ஒவ்வொன்றாய் எடுத்துக் கொடுத்தான். அவள் நிறுத்தாள், எழுதினாள், நிறுத்தாள். முடிந்தபோது சரவணமுத்தர் சத்தமாகக் கூட்டிப் பார்த்தார். முப்பத்தெட்டு கிலோ. ஆறாம் வரிசை முதற் போகம் முழுக்கத் தந்ததே பத்தொன்பது.

"ஏழாவதை இனி ஒருத்தரும் தொட ஏலாது," என்றார் அவர்.

"இப்ப இதைக் கோயிலுக்குத் தூக்குறதோ, இல்லையோ?" என்று இன்னாசித்தம்பி மெதுவாகக் கேட்டான்.

"எண்ணியாச்சு. இனி இது குடுக்கிற பழம் இல்லை. மிஸ்ஸின்ர பழம்." அவள் கொப்பியை மூடினாள். "ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோட கோயிலுக்குப் போய் நடந்ததைச் சொல்லுறன். அந்தோனியார் ஏசினால் கேட்டுக்கொண்டு நிக்கிறன்."

அவர்கள் கடகங்களை வாசல் படலையடிக்குக் கொண்டுபோன பிறகு அவள் பந்தலுக்குள் தனியே இருந்தாள். வாழையிலையில் ஒரு பழம் உதிர்ந்து கிடந்தது. அவள் அதை எடுத்து வாயில் போட்டாள். தோல் வெடித்தது. இனிப்பு, அதன் அடியில் மிகமிக மெல்லிய புளிப்பு. இலைகளுக்கூடாக வெளிச்சம் அசைந்தது. கண்ணை மூடிக்கொண்டு, கொட்டைகளை நாக்கால் உருட்டிக்கொண்டு, எவ்வளவு நேரம் இருந்தாளோ.

பிறகு கொப்பியை மடியில் வைத்து, முப்பத்தெட்டுக்குக் கீழே மெதுவாக எழுதினாள்: "நிறுத்த பிறகு இதில் ஒரு பழம் குறையும். அதைத் தின்றது நான். மேரிறோஸ்."