பிரேக் பெடலில் இரண்டு துளை

மனைவிக்கு ஆச்சரியம் கொடுக்கிறேன் பேர்வழி என்று கார் வாங்கியவர், அதில் அவளை ஒரு தடவை உட்கார வைத்துப் பார்த்துவிட்டு வாங்கியிருக்கலாம். லேத்காரருக்கு அந்த யோசனை வந்தால்தானே! லேத் பட்டறையில் கூட வேலை பார்ப்பவர் விற்றார், இவர் வாங்கினார், வாசலில் நிறுத்திச் சாவியை நீட்டினார். அவள் ஏறி உட்கார்ந்து சீட்டை முன்னால் தள்ளினாள். இன்னும் தள்ளினாள். வயிறு ஸ்டீயரிங்கில் இடித்ததே தவிர, கால் பெடலுக்கு நாலு விரற்கடை இப்பாலேயே நின்றது.

"எனக்கு வாங்கினீங்களா, இல்ல ஆறடி எங்க அண்ணனுக்கா?" என்றாள்.

அவளை அவர் கடுகு என்றுதான் கூப்பிடுவார். உருவம் சிறுத்ததே ஒழிய காரத்துக்குக் குறைவில்லை. பிழைக்க வந்த நாட்டில் பதினோரு வருடம் பஸ்ஸுக்குக் கால்கடுக்க நின்றவள், நாற்பத்து மூன்று வயதில், ஓட்டுநர் பள்ளியின் குட்டிக் காரில் பழகி லைசென்ஸ் வாங்கியிருந்தாள். வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் கவனிக்கிற வேலை தயாராக இருந்தது. அதற்குச் சொந்த வண்டி வேண்டும், வண்டி ஓடத் தகுதியானது என்று சோதனைச் சான்று வேண்டும். திங்கட்கிழமை சேரவேண்டும்.

கால் எட்டாவிட்டால் என்ன, கையில் தொழில் இருக்கிறதே! கிளட்ச் இல்லாத வண்டி; பிரேக்குக்கு ஒன்று, ஆக்ஸிலேட்டருக்கு ஒன்று என்று லேத்காரர் இரண்டு அலுமினியக் கட்டைகள் செய்தார். செருப்பு வழுக்காமலிருக்க மேலே குறுக்குக் கோடுகள் வெட்டினார். பெடல் தண்டுகளில் இரண்டிரண்டு துளை போட்டு அவற்றை போல்ட்டால் முடுக்கினார். கடுகு தெருவை மூன்று சுற்றுச் சுற்றி வந்து, சீட்டை விட்டு இறங்காமலே அழுதாள். எல்லாம் சந்தோஷத்தில்தான்.

"இதைச் சோதனையில ஒத்துக்குவாங்களா?"

"அன்னைக்குக் கழட்டி வச்சுட்டு மறுநாள் மாட்டிக்கலாம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

வியாழக்கிழமை கட்டைகளைக் கழற்றிவிட்டு, கடுகையும் ஏற்றிக்கொண்டு அவரே வண்டியைச் சோதனை நிலையத்துக்கு ஓட்டிப்போனார். சோதனை செய்தவள் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. டார்ச் அடித்துக் கீழே குனிந்தவள் குனிந்தபடியே கேட்டாள்.

"இந்தத் துளையில என்ன மாட்டியிருந்தீங்க?"

"அது... வாங்கும்போதே..." என்று லேத்காரர் மென்று விழுங்கினார். பக்கத்தில் நின்ற கடுகு கைப்பையைத் திறந்து இரண்டு கட்டைகளையும் எடுத்து நீட்டிவிட்டாள்.

சோதனைக்காரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அருமையான வேலை. துளைதான் தப்பு." சீட்டில் ஏறி, குறுக்கே குழந்தை ஓடி வந்தால் எப்படி மிதிப்போமோ அப்படி மிதித்தாள். 'டக்' என்றது. பிரேக் பெடல் துளையோடு முறிந்து அவள் காலடியில் விழுந்தது.

பட்டறையில் தலைமயிர் அளவு பிசகினாலும் வேலையைத் தூக்கி எறிகிற மனிதர் அவர். முறிந்த இடத்தைப் பார்த்தார். திங்கட்கிழமை சாலையில் அந்தக் கால் கடுகின் காலாக இருந்திருக்கும். சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

புதுப் பெடல் போடவேண்டும், துளையில்லாமல் பிடித்து நிற்கிற கட்டை மாட்டவேண்டும், அதை அனுமதி பெற்ற மெக்கானிக் மாட்டி எழுதித் தரவேண்டும் என்றாள் சோதனைக்காரி. கடுகு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வேலையிடத்துக்குப் போன் போட்டாள். பத்து நாள் பொறுக்கிறோம், அதற்கு மேல் முடியாது என்றார்கள். பிறகு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"திட்டேன்டி."

"திட்டறதுக்கு வீடு இருக்கு."

"நானே உன்னைக் கொன்னிருப்பேனே." அத்தனை பேர் நடமாடும் இடத்தில் அவர் விசும்பினார். அவள் கிரீஸ் ஏறிய அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கோபம் இல்லாமல் இல்லை. அதைவிட அவர்மேல் பிரியம் அதிகம், அவ்வளவுதான்.

"எனக்கு எதுவும் செய்யாதீங்கன்னு சொல்ல மாட்டேன். செய்யுங்க. என்னைக் கேட்டுட்டுச் செய்யுங்க."

அதன்பின் லேத்காரர் அந்த வண்டிமேல் ஸ்பேனர் வைக்கவில்லை. அனுமதி பெற்றவர் வேலை செய்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது கடுகுக்குத் தெரியும். ஒன்பதாம் நாள் அவளே ஓட்டிக்கொண்டு சோதனைக்கு உள்ளே போனாள். உள்ளே வரத் தைரியமில்லாமல் அவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். அரைமணி கழித்துக் கார் வெளியே வந்து அவர் பக்கத்தில் நின்றது. டாஷ்போர்டு மேல் சான்று கிடந்தது.

"ஏறுங்க."

ஏறினார். முதல் திருப்பத்தில் அவருடைய வலது கால் தரைவிரிப்பை அழுத்தியது. இரண்டாவது திருப்பத்தில் இன்னும் பலமாக அழுத்தியது. அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னங்க, பிரேக் என்கிட்ட இருக்கு. நீங்க சும்மா உக்காருங்க."

அவர் காலை இழுத்துக்கொண்டார். அடுத்த சிக்னலில் அவள் மிதித்தாள், கார் நின்றது.