1948 யாருக்குச் சொந்தம்?

லிங்கராஜபுரம் மார்னிங் ஸ்டார் கால்பந்துக் கழகம் 1948இல் தொடங்கியது. அது எட்டிய மிக உயர்ந்த இடம் சி டிவிஷனில் நான்காவது. அதுவும் ஒரே ஒரு முறை. ஆனாலும் செயலாளர் இளங்கோவன் அணியின் சட்டை, பேனர், தன் ஸ்கூட்டரின் முன்பக்கம் என்று எழுத இடம் கிடைத்த எல்லாவற்றிலும் "1948 முதல்" என்று எழுதிவைத்திருந்தார். வேலை என்று பார்த்தால் அவர் லிஃப்ட் மெக்கானிக்.

போன வருடம் கழகம் இரண்டாக உடைந்தது. குழுப் படத்தில் நடு நாற்காலியில் யார் உட்காருவது என்று அவருக்கும் தங்கை மமதாவின் கணவர் ரகுராமுக்கும் தகராறு. ரகுராம் ஆறு ஆட்டக்காரர்களையும் ஒரு கோல் வலையையும் அள்ளிக்கொண்டு போய் 'மார்னிங் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்' என்று பதிவு செய்தார். அவர்கள் சட்டையிலும் "1948 முதல்" இருந்தது.

எட்டு அணிகள் கொண்ட பட்டியலில் ரகுராமின் அணி நான்கு புள்ளியோடு ஏழாவது இடம். இளங்கோவனின் அணி மூன்று புள்ளியோடு எட்டாவது. இதில் யாருக்கும் வெட்கமில்லை. ஞாயிறு காலை மைதானம் மூத்த கழகத்துக்கே என்பது லீக் விதி. அதற்காக இருவரும் மனுப் போட்டார்கள்.

விசாரணைக்கு லீக் அலுவலகக் கண்காணிப்பாளர் அனந்தலக்ஷ்மி இருவரையும் கூப்பிட்டார். இளங்கோவன் தன் அப்பா கருணாகரன் நிற்கும் பழைய குழுப் படத்தைக் கொண்டுபோனார். ரகுராம் காது உடைந்த வெள்ளிக் கோப்பை ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"எங்கப்பா இந்த கிளப்புல ஹாஃப் பேக் ஆடினவரு மேடம்" என்றார் இளங்கோவன்.

"கப்பு எங்ககிட்ட இருக்கு மேடம். ஹிஸ்டரியும் எங்களுதுதான்" என்றார் ரகுராம்.

அனந்தலக்ஷ்மி பழைய கோப்பு ஒன்றைப் பிரித்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து தேட வெச்சீங்க, நல்லதாப் போச்சு. 1971ல மார்னிங் ஸ்டார்க்காரங்க ரெஃபரியைத் துரத்திப் போய் சாக்கடையில தள்ளியிருக்காங்க. தள்ளினது ஹாஃப் பேக் கருணாகரன். கிளப்புக்குப் பத்துப் புள்ளி கழிக்கணும்னு ஆர்டர். ஃபைல் காணாமப் போனதால யாரும் கழிக்கலை. இப்ப கிடைச்சிருச்சு. சொல்லுங்க, யாரு 1948?"

ரகுராம் கோப்பையை மெல்லப் பைக்குள் போட்டார். "நாங்க போன வருஷம் ஆரம்பிச்ச கிளப் மேடம். இது பழைய சாமான் கடையில வாங்கினது."

"எங்களுதும் புது கிளப்தான்" என்றார் இளங்கோவன்.

"அப்ப போட்டோல இருக்கறவர்?"

"தெரிஞ்சவர் மேடம்."

இளங்கோவன் வீட்டுக்கு வந்து படத்தைப் பழைய ஆணியில் மாட்டி, கழற்றிய மாலையைத் திரும்பப் போட்டார். அம்மா ரத்தினம்மாள் நடந்ததைக் கேட்டார். மமதா ஏற்கெனவே போனில் முழுக்கச் சொல்லியிருந்தாள். ஆனாலும் மகன் வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தது அவருக்கு.

"ஒரு ரெஃபரியைத் தள்ளினதை உங்கப்பா சாகற வரைக்கும் வந்தவன் போனவன்கிட்ட எல்லாம் சொல்லிக்கினு இருந்தாரு. நீ இன்னாடான்னா அவரையே தள்ளிட்டு வந்துட்ட."

மறுநாள் இளங்கோவன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு லீக் அலுவலகம் போனார்.

"மேடம், அவரு எங்கப்பா. கிளப்பும் எங்களுது. கழிச்சுக்குங்க."

"யோசிச்சீங்களா? மைனஸ் ஏழு ஆகும். நம்ம லீக்ல இதுவரை யாருமே பூஜ்யத்துக்குக் கீழ போனதில்லை."

"அதுவும் ஒரு ரெக்கார்டுதானே மேடம்."

புதுப் பட்டியல் ஒட்டப்பட்டது. மார்னிங் ஸ்டார், எட்டாவது இடம், மைனஸ் ஏழு. ஆட்டக்காரர்கள் ஒரு நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் ஞாயிறு காலை மைதானம் அவர்களுக்கே கிடைத்தது. அங்கே முதல் ஆட்டத்தில் கோல் எதுவும் விழாமல் சமன் செய்து, மைனஸ் ஆறுக்கு உயர்ந்தார்கள். பட்டாசு வெடித்தார்கள். மைதானத்துக்கு வெளியே நின்ற ஆட்டோக்காரர்கள் லீக்கையே ஜெயித்துவிட்டார்கள் என்று நினைத்துக் கைகொடுத்தார்கள். இளங்கோவன் யாரையும் திருத்தவில்லை. அன்று போல அவர் எப்போதும் நிமிர்ந்து நடந்ததில்லை.

நான்கு புள்ளியோடு வேலியோரம் நின்ற ரகுராமைப் பார்த்து யாரும் தலைகூட அசைக்கவில்லை. பத்து நாள் கழித்து அவர் புது மனு ஒன்றோடு அனந்தலக்ஷ்மி முன் வந்து நின்றார்.

அனந்தலக்ஷ்மி அதை இரண்டு தடவை படித்தார். பிறகு இளங்கோவனுக்கு போன் போட்டார்.

"உங்க மாப்பிள்ளை பாகம் கேக்கறாரு. 1948லேர்ந்து 1970 வரைக்கும் அவருக்காம். 1971லேர்ந்து உங்களுக்காம். என்ன எழுதட்டும்?"