கையை எடுங்கோ

சாய்நாத் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மிணி இரண்டு கறி பண்ணுவாள். செம்பூரிலிருந்து மாப்பிள்ளை வருகிறார் என்றால் சும்மாவா? மகள் சாதனாவைக் கட்டிக்கொண்டவர் என்பது மட்டுமல்ல. அம்மிணியின் கணவர் பஞ்சாபகேசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது மகன் நகுல் ஆபீஸ் வேலையாகப் பூனாவில் இருந்தான். காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், வீட்டுக்குத் திரும்பும்வரை கூடவே இருந்தவர் சாய்நாத்தான். அன்றிலிருந்து அந்த மாட்டுங்கா வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

நகுல் கூப்பிடுவதைப்போலவே அவன் மனைவி ரஞ்சனாவும் அவரை அத்திம்பேர் என்றுதான் கூப்பிட்டாள். கல்யாணமான புதிதில் அவளுக்கும் அவரைப் பிடித்திருந்தது. கலகலப்பான மனிதர். வந்தால் வீடே சிரிக்கும். பிறகு ஒருநாள் போட்டோவுக்காக அவள் தோளில் விழுந்த கை, போட்டோ எடுத்து முடிந்தும் இறங்கவில்லை. காலையில் வாட்ஸப்பில் ரோஜாப்பூ வர ஆரம்பித்தது. ஆளில்லாத லிஃப்டில் அவள் முதுகோடு ஒட்டி நின்றார்.

ரஞ்சனா பயந்தவள் அல்ல. தாதர் ஸ்டேஷன் பாலத்தில் கை வைத்த ஒருவனைச் சட்டையோடு பிடித்து இழுத்துப் போய்ப் போலீஸ்காரரிடம் விட்டவள். முன்பின் தெரியாதவனிடம் சீறிக்கொண்டு வந்த வார்த்தை, வீட்டு மனிதரிடம் வெளியே வரவில்லை. அதை நினைக்க நினைக்க அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

நகுலிடம் சொன்னாள்.

"அவர் டைப்பே அப்படித்தான், ரஞ்சு. எல்லார்கிட்டயும் தொட்டுத்தான் பேசுவார். ஜானே தோ நா, விட்டுடேன்."

"என்னைத் தொடாம பேசச் சொல்லு."

"நான் எப்படிச் சொல்றது? அக்கா என்ன நினைச்சுப்பா?"

மறுபடியும் சொன்னாள். மறுபடியும் அக்கா என்ன நினைப்பாள் என்றான்.

அந்த ஞாயிறு ரஞ்சனா அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். அம்மிணி ஹாலில் இலை போட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் வேண்டும் என்று சாய்நாத் சமையலறைக்குள் வந்தார். பழைய கட்டிடத்துச் சமையலறை. ஒருவர் நின்றால் இன்னொருவர் பக்கவாட்டில் நகர்ந்துதான் போக வேண்டும். அவர் நகர்ந்து போகவில்லை. பின்னால் நின்றார். அவள் குர்தாவுக்கு அடியில் கை நுழைந்து, இடுப்பை அழுத்திப் பிடித்தது.

"வாசனை தூக்கறது" என்றார், காதருகே.

"கையை எடுங்கோ."

அவள் சத்தம் ஹாலுக்குக் கேட்டது. சாய்நாத் சட்டென்று கையை இழுத்தார். ஆனால் ரஞ்சனா அதற்குள் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அவர் உதறிப் பார்த்தார். அவள் விடவில்லை. அடுப்பைக்கூட அணைக்காமல் அவரை இழுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். இலைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இந்தக் கை இப்ப எங்க இருந்ததுன்னு சொல்லுங்கோ அத்திம்பேர். நீங்களே சொல்லுங்கோ."

சாய்நாத் சிரித்தார். "அட, என்ன இது! வழி விடுன்னு லேசா தட்டினேன். இவளோட தமாஷ்கூடப் பண்ணக் கூடாதா?"

"என் டிரெஸ்ஸுக்குள்ள கையை விட்டார். இது முதல் தடவையும் இல்லை."

"மெள்ளப் பேசு" என்றாள் அம்மிணி. "ஜன்னல் திறந்திருக்கு. பக்கத்து ஆத்துக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்."

சாதனாவின் முகம் சிவந்திருந்தது. "உனக்குத்தான் அப்படித் தோணறது ரஞ்சனா. இத்தனை வருஷமா அவரோட குடித்தனம் பண்றேன், எனக்குத் தெரியாதா?"

பஞ்சாபகேசன் இலையைப் பார்த்தபடி சொன்னார். "முதல்ல எல்லாரும் சாப்பிடுங்கோ. அப்புறம் பேசிக்கலாம்."

சமையலறையிலிருந்து அப்பளம் கருகும் நாற்றம் வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. நகுல் தண்ணீர் டம்ளரை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தான்.

சாய்நாத் இப்போது சிரிக்கவில்லை. "நான் மட்டும் அன்னிக்கு இல்லேன்னா உன் மாமனார் இன்னிக்கு இங்க உக்காந்திருக்க மாட்டார். அதை நினைச்சுப் பேசு."

"அதுக்கு அவர் உங்களுக்கு நன்றி சொல்லட்டும். என் உடம்பைக் கொடுத்துச் சொல்ல முடியாது. கிளம்புங்கோ."

அவர் கையை விட்டாள். வாசலில் கிடந்த அவருடைய ஷூக்களை எடுத்துக்கொண்டு போய் வெளியே, மாடிப்படி அருகே வைத்தாள். கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றாள். சாய்நாத் மாமனாரைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார், மைத்துனனைப் பார்த்தார். போகாதீர்கள் என்று ஒருவரும் சொல்லாததால் வெளியே போனார். சாதனா அழுதுகொண்டே பின்னால் ஓடினாள்.

அதன்பிறகு அம்மிணி மருமகளோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். நகுல், "நீ என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்" என்றான்.

ரஞ்சனா அவனை வெறித்துப் பார்த்தாள். "தனியாத்தான் சொன்னேன். என்ன கிழிச்சே?"

பஞ்சாபகேசனுக்குச் சதாபிஷேகம் நெருங்கியது. மாட்டுங்காவிலேயே ஹால் பிடித்திருந்தார்கள். ஒரு காலை, ரஞ்சனா ஆபீசுக்குக் கிளம்பும் நேரத்தில் அம்மிணி வாயைத் திறந்தாள்.

"சாதனா போன் பண்ணினா. மாப்பிள்ளை மனசுல ஒண்ணும் வச்சுக்கலையாம். விசேஷத்தன்னிக்கு நீயும் நகுலும் அவருக்கு ஒரு நமஸ்காரம் பண்ணிடுங்கோ. முடிஞ்சுபோச்சு."

ரஞ்சனாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தோள்பையைக் கீழே போட்டாள்.

"அவர் என்னை மன்னிச்சுட்டாராமா?"

"பெரியவா விட்டுக் கொடுத்துப் போறா. நீயும் போயேன். எனக்கென்ன, தெரியாதா அவரைப் பத்தி? அதனாலதானே அவர் வந்தப்பல்லாம் உன்னை எதையாவது வாங்கிண்டு வான்னு கடைக்கு அனுப்பினேன்?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அம்மிணிக்கு உறைத்தது. ஷேவ் பண்ணிக்கொண்டிருந்த நகுல் பாத்ரூம் வாசலுக்கு வந்துவிட்டான்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள் ரஞ்சனா. "தெரிஞ்சுண்டு என்னைக் கடைக்கு அனுப்பினேள். வெய்யில்ல, மழையில. ஒரு தடவை அவரை வெளியில போகச் சொல்ல உங்களுக்கு வாய் வரலையே அம்மா?"

"பொண்ணு வாழ்க்கைடீ" என்றாள் அம்மிணி. "எம்பொண்ணு வாழ்க்கை."

"அப்போ நான் யாரு?"

ரஞ்சனா நகுலிடம் திரும்பினாள். "அவர் வந்தா நான் வரமாட்டேன். ஏன் வரலைன்னு கேக்கறவா எல்லாருக்கும் நானே போன் பண்ணிச் சொல்லுவேன்."

நகுல் கன்னத்துச் சோப்பைத் துடைத்தான். போனை எடுத்து, ஹாலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முன்னாலேயே பேசினான். "அத்திம்பேர், நீங்க சதாபிஷேகத்துக்கு வர வேண்டாம். அக்கா வரட்டும். இல்லை, கோபமெல்லாம் தணியாது. நீங்க இனிமே இந்த ஆத்துக்கும் வர வேண்டாம்." பேசி முடித்துவிட்டு ரஞ்சனாவைப் பார்த்தான். அவளுக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. இதை முதல் தடவையே செய்திருக்கலாம் என்றுதான் தோன்றியது. அதை அவனிடம் சொல்லவும் சொன்னாள்.

சாதனா தனியாக வந்தாள். அம்மாவிடம் மட்டும் பேசினாள். ரஞ்சனா நீட்டிய காபியை வாங்கிக்கொள்ளவில்லை.

ஹால் வாசலில் அம்மிணியும் ரஞ்சனாவும் சந்தனம் கற்கண்டோடு நின்றார்கள். சயானிலிருந்து வந்த தூரத்து உறவு மாமி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை எங்கே, காணலையே?" என்றாள்.

"ஆபீஸ்ல ஏதோ டூர்..." என்று அம்மிணி ஆரம்பித்தாள்.

"டூர் இல்லை மாமி" என்றாள் ரஞ்சனா. "என்கிட்ட தப்பா நடந்துண்டார். வரக் கூடாதுன்னு சொல்லிட்டோம்."

மாமியின் கை கற்கண்டுத் தட்டிலேயே நின்றது. அம்மிணியைப் பார்த்தாள். அம்மிணி தலையைக் குனிந்துகொண்டாள். மாமி உள்ளே போய் யாரோ ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, உடனே அவள் காதில் பேச ஆரம்பித்தாள்.

"ஊர் பூரா சொல்லப் போறா" என்றாள் அம்மிணி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"சொல்லட்டும். யார் வெக்கப்படணுமோ அவர் படட்டும்."

அடுத்து வந்தவரும் மாப்பிள்ளையைத்தான் கேட்டார். ரஞ்சனா வாயெடுப்பதற்குள் அம்மிணி முந்திக்கொண்டாள்.

"அவர் வரலை" என்றாள். டூர் என்றோ ஜுரம் என்றோ சொல்லவில்லை. "உள்ள போங்கோ, கலசாபிஷேகம் ஆரம்பிக்கப் போறது."